ஹம்ப்ரி மெய்னால்ஸ்: சுரிநாமின் ஸ்டாப்பர் பேக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹம்ப்ரி மெய்னால்ஸ் யார்?

சுரிநாமில் பிறந்து நெதர்லாந்து தேசிய அணிக்கு ஆடிய முதல் கால்பந்து வீரர். தடுப்பாட்டக்காரர், அதிலும் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர். பிறந்தது 1930 டிசம்பர் 21, இறந்தது 2019 ஜூலை 27. நெதர்லாந்தின் ஆரஞ்சுச் சட்டையை மொத்தம் மூன்றே முறைதான் போட்டார். ஆனாலும் 1999-ல் சுரிநாமின் நூற்றாண்டுக் கால்பந்து வீரர் யார் என்று தேர்ந்தெடுத்தபோது இவர் பெயர்தான் வந்தது. சுரிநாமில் பிறந்து நெதர்லாந்துக்கு ஆடிய சீடோர்ஃபும் டேவிட்ஸும் களத்தில் இருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

Mijnals என்ற எழுத்தைக் கூட்டிப் படித்தால் "மிஜ்னல்ஸ்" என்றுதான் வாயில் வரும். டச்சுக்காரர்கள் "மெய்னால்ஸ்" என்கிறார்கள். "மைனல்ஸ்" என்று சொன்னாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சுரிநாம் எங்கே இருக்கிறது? அதற்கும் நெதர்லாந்துக்கும் என்ன தொடர்பு?

தென் அமெரிக்காவின் வடக்குக் கரையில், பிரேசிலுக்கு மேலே. மக்கள்தொகை சுமார் 6 லட்சம். நாட்டின் பெரும்பகுதி காடு. மக்களில் பெரும்பாலோர் தலைநகர் பரமாரிபோவிலும் கடலோரத்திலும் வாழ்கிறார்கள். தென் அமெரிக்கக் கண்டத்தில் இருந்தாலும் கால்பந்தில் அது கரீபிய, வட, மத்திய அமெரிக்க நாடுகளின் கூட்டமைப்பான கான்ககாஃபில்தான் ஆடுகிறது. பிரேசில், அர்ஜென்டினாவோடு தகுதிச் சுற்று ஆடவேண்டிய தலைவலி இல்லை.

நீண்ட காலம் டச்சுக் குடியேற்ற நாடு. 1954-ல் நெதர்லாந்து அரசாட்சிக்குள் தன்னாட்சி கொண்ட ஒரு நாடாக ஆனது. முழு விடுதலை கிடைத்தது 1975 நவம்பர் 25-ல். இந்த இரண்டு ஆண்டுகளும் கீழே மறுபடி மறுபடி வரும். மெய்னால்ஸின் கதையே இவற்றுக்கு நடுவில்தான் நடக்கிறது.

எந்த ஊர்க்காரர்?

முங்கோ. தலைநகர் பரமாரிபோவிலிருந்து கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர், கோட்டிக்கா ஆற்றங்கரை. பாக்சைட் தோண்டுவதற்காகவே ஒரு கம்பெனி காட்டுக்குள் எழுப்பிய ஊர். அலுமினியத்துக்கு மூலப்பொருள் பாக்சைட். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா கட்டிய விமானங்களுக்கான பாக்சைட்டில் பெரும்பங்கு சுரிநாமிலிருந்துதான் போனது.

உள்ளூரில் எந்த கிளப்புக்கு ஆடினார்?

பரமாரிபோவின் ராபின்ஹூட். ஆமாம், வில்லும் அம்புமாகத் திரிந்த அதே ராபின்ஹூட்டின் பெயர்தான். 1945-ல் தொடங்கிய கிளப், இன்றைக்கும் அந்த நாட்டின் பெரிய கிளப்புகளில் ஒன்று. அதன் ஜென்மப் பகையாளி டிரான்ஸ்வால். இந்த இரண்டு கிளப்புகளும் மோதும் நாளில் பரமாரிபோ இரண்டாகப் பிரிந்துவிடும்.

ராபின்ஹூட்டிலிருந்து சுரிநாம் தேசிய அணிக்கு வந்தார். பிறகு கொஞ்ச காலம் பிரேசிலில், ரெசிஃபே நகரின் அமெரிக்கா கிளப்பில் ஆடினார். 1950-களில் பிரேசிலுக்குப் போய் ஆட இடம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. அப்புறம் 1956-ல் கடல் தாண்டி நெதர்லாந்து.

அவருக்கு முன்னால் சுரிநாமிலிருந்து யாருமே நெதர்லாந்து போய் ஆடவில்லையா?

போயிருக்கிறார்கள். முக்கியமானவர் ஆன்ட்ரே காம்பர்ஃபேன். சுரிநாம் அணியின் கேப்டனாக இருந்தவர். 1940-களின் கடைசியில் ஹார்லெம் கிளப்புக்குப் போய் ஆடிவிட்டு ஊர் திரும்பினார். பின்னால் சுரிநாம் கால்பந்துச் சங்கத் தலைவர், கரீபியக் கால்பந்து ஒன்றியத்தை நிறுவியவர்களில் முதன்மையானவர், விளையாட்டு அமைச்சர் என்று வளர்ந்தார். சொந்தமாக ஒரு வானொலி நிலையமும் நடத்தினார்.

அவருடைய முடிவு கொடுமையானது. 1982 டிசம்பர் 8-ல் ராணுவ ஆட்சியை எதிர்த்த 15 பேரைப் பரமாரிபோவின் ஸீலாண்டியா கோட்டையில் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் காம்பர்ஃபேனும் ஒருவர். வானொலி நிலையத்தையும் கொளுத்தினார்கள். தேசிய ஸ்டேடியம் பின்னாளில் அவர் பெயரைத் தாங்கியது. தனியாக ஒரு பக்கம் எழுதவேண்டிய மனிதர். இங்கே இவ்வளவு போதும்.

மெய்னால்ஸ் காலத்தில் நிலைமை மாறியிருந்தது. 1954 வரை டச்சுக் கால்பந்தில் சம்பளம் வாங்கி ஆடக் கூடாது; எல்லாம் அமெச்சூர். அந்த ஆண்டு தொழில்முறைக் கால்பந்துக்குக் கதவு திறந்தது. 1956-ல் எரடிவிசி எனும் தேசிய லீக் தொடங்கியது. கிளப்புகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரான்ஸ், இத்தாலி என்று தேடிப் போக எல்லாரிடமும் காசில்லை. டச்சு மொழி பேசத் தெரிந்த, டச்சுக் குடியுரிமையே வைத்திருந்த நல்ல ஆட்டக்காரர்கள் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

எலிங்க்வெய்க் என்பது எப்படிப்பட்ட கிளப்?

மெய்னால்ஸை அழைத்தது பெரிய கிளப்புகளான அயாக்ஸோ ஃபெயனூர்டோ அல்ல. உட்ரெக்ட் நகரத்தின் ஓரத்தில் ஸௌலன் என்று ஒரு பகுதி. 1954 வரை தனி ஊராட்சியாக இருந்து பிறகு உட்ரெக்டோடு சேர்ந்தது. ரயில் பெட்டி செய்யும் வெர்க்ஸ்போர், எஃகு வார்க்கும் டெம்கா என்று இரண்டு பெரிய ஆலைகள், சுற்றிலும் தொழிலாளர் குடியிருப்பு. அந்தக் குடியிருப்பின் கிளப்தான் எலிங்க்வெய்க். பாக்சைட் ஊரில் பிறந்தவர் எஃகு ஊருக்கு வந்து சேர்ந்தார் என்று சொல்லலாம்.

எரடிவிசி தொடங்கிய முதல் பருவத்தில் ஆடிய 18 கிளப்புகளில் எலிங்க்வெய்க்கும் ஒன்று. சாம்பியன் ஆகும் வலிமை அதற்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் அதன் ஆட்டத்தைப் பார்க்க வேறொரு காரணம் இருந்தது. அடுத்த கேள்விக்கு வருவோம்.

"ஐந்து இலை க்ளோவர்" என்று யாரைச் சொன்னார்கள்?

க்ளோவர் என்பது ஐரோப்பியப் புல்வெளிகளில் படர்ந்து கிடக்கும் ஒரு சிறு செடி. காம்புக்கு மூன்று இலை இருக்கும். நான்கு இலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். எலிங்க்வெய்க்குக் கிடைத்தது ஐந்து: ஹம்ப்ரி மெய்னால்ஸ், அவர் தம்பி ஃபிராங்க் மெய்னால்ஸ், மிஷெல் க்ரௌன், எர்வின் ஸ்பாரண்டாம், சார்லி மார்பாக். ஐந்து பேரும் சுரிநாமியர்கள். ஒரே நாளில் மொத்தமாக வந்து இறங்கவில்லை. 1956, 57-ஐ ஒட்டி அடுத்தடுத்து வந்து சேர்ந்தார்கள்.

ஒரு நகர்ப்புறத் தொழிலாளர் கிளப்பில் ஒரே நேரத்தில் ஐந்து சுரிநாமியர்கள் என்பது அன்றைய நெதர்லாந்தில் யாரும் பார்த்திராத காட்சி. அப்போது அந்த நாட்டில் இருந்த சுரிநாமியர்களே சொற்பம். பெரும்பாலும் படிக்க வந்த மாணவர்கள், கப்பல் வேலைக்காரர்கள். பெரும் குடிபெயர்வு நடக்க இன்னும் 15, 20 வருடம் இருந்தது. அந்தப் பக்கத்து மனிதர்களைப் பல டச்சுக்காரர்கள் முதன்முதலாகப் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில்தான் இருக்கும்.

ஸ்டாப்பர் என்கிறீர்கள். இன்றைய சென்டர் பேக்கும் அதுவும் ஒன்றுதானே?

ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் வேலை இன்னும் தனிமையானது. இன்று நடுவில் குறைந்தது இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் முன்னால் போய் மோதினால் மற்றவர் பின்னால் காவல். 1950-களில் பெரும்பாலான அணிகள் ஆடியது "டபிள்யூ-எம்" அமைப்பு. பின்னால் மூன்றே பேர். இரண்டு ஓரத்திலும் ஃபுல்பேக், நடுவில் ஒற்றையாளாக ஸ்டாப்பர். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டு அவர் தலையில்தான் விடிவான். அவனைத் தவறவிட்டால் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான்.

அதனால் ஸ்டாப்பர் என்றால் உடம்பு பெருத்த, மோதுகிற, பந்தைக் கண்ட இடத்துக்கு உதைத்துத் தள்ளுகிற ஆள் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது. மெய்னால்ஸ் அந்த அச்சில் வார்த்தவர் இல்லை. அவருக்குப் பந்தோடு பழக்கம் இருந்தது. உடம்பில் வளைவு இருந்தது. அதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு உதை போதும்.

அந்த பைசிக்கிள் கிக் கதை என்ன?

1960 ஏப்ரல் 3, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் ஸ்டேடியம். நெதர்லாந்துக்கும் பல்கேரியாவுக்கும் ஆட்டம். மெய்னால்ஸுக்கு அது ஆரஞ்சு அணியில் முதல் நாள். நெதர்லாந்து 4-2 என்று வென்றது. ஆனால் மக்கள் நினைவில் நின்றது அடித்த கோல் அல்ல, விழாமல் போன ஒரு கோல்.

பைசிக்கிள் கிக், சிசர் கட் என்று நாம் சொல்வதை வழக்கமாக ஃபார்வர்டுகள்தான் அடிப்பார்கள். எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டி, அந்தரத்தில் மல்லாந்து, தலைக்கு மேலாகப் பந்தை வலைக்குள் அனுப்புவது. மெய்னால்ஸ் அதைத் தன் சொந்த பெனால்டி பாக்ஸுக்குள் செய்தார். கோல் காப்பாற்ற.

எப்படி என்று ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தடுப்பாட்டக்காரர் பின்வாங்கி ஓடும்போது அவர் முகம் தன் கோலைப் பார்த்து இருக்கும். பந்து இடுப்புக்கு மேலே, கோலை நோக்கி. தலையால் முட்டினால் அது தன் வலைக்கே போய்விடும் ஆபத்து. நின்று, திரும்பி, உதைக்க நேரம் கிடையாது. அதற்குள் எதிராளி வந்துவிடுவான். மீதி இருப்பது ஒரே வழி. ஓடிய வேகத்திலேயே முதுகைப் பின்னால் சாய்த்து, ஒரு காலைத் தூக்கி, மறு காலால் பந்தை எட்டித் தலைக்கு மேலாகப் பின்புறம் அனுப்பிவிட வேண்டும். பின்புறம் என்றால் இங்கே மைதானத்தின் நடுப்பக்கம். பாதுகாப்பான திசை. அதாவது கோலுக்கு முகம் காட்டி நிற்கும் தடுப்பாட்டக்காரருக்கு பைசிக்கிள் கிக் உண்மையில் புத்திசாலித்தனமான வழி. தவறினால் மட்டும் மானம் போகும், ஆட்டமும் போகும்.

சர்வதேச ஆட்டத்தில் முதல் நாள் இறங்கிய ஒரு ஆள் இதைச் செய்யத் துணிந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பார்த்தவர்கள் எல்லாரும் அதைப் பற்றியே பேசினார்கள். அந்த ஒரு உதை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அறுபது வருடம் கழித்தும் மெய்னால்ஸ் என்றால் டச்சுக்காரர்கள் முதலில் சொல்வது அதைத்தான்.

சுரிநாமுக்கு ஆடியவர் எப்படி நெதர்லாந்துக்கும் ஆடினார்? விதி அனுமதித்ததா?

அனுமதித்தது. இரண்டு காரணம். ஒன்று, 1960-ல் சுரிநாம் நெதர்லாந்து அரசாட்சிக்குள் இருந்தது. பரமாரிபோவில் பிறந்தவருக்கும் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவருக்கும் ஒரே குடியுரிமை. ஆனால் சுரிநாமுக்கு ஃபிஃபாவில் தனி உறுப்பினர் இடம் உண்டு, 1929-லிருந்தே. இரண்டாவது, நாடு மாறி ஆடுவதற்கு இன்றுள்ள கட்டுப்பாடுகள் அன்று இல்லை. அர்ஜென்டினாவின் டி ஸ்டெஃபானோவும் ஹங்கேரியின் புஷ்காஷும் ஸ்பெயின் சட்டை போட்டது அந்தக் காலத்தில்தான்.

ஆக மெய்னால்ஸ் கட்சி மாறவில்லை. அவர் கையில் இருந்த ஒரே பாஸ்போர்ட் இரண்டு அணிக்கும் செல்லுபடியானது. பிற்காலத்தில் வந்தவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை.

அவ்வளவு புகழ் கிடைத்தும் ஏன் மூன்றே ஆட்டங்கள்?

வாய்தான் காரணம். அன்றைய பயிற்சியாளர் எலெக் ஷ்வார்ட்ஸ். ருமேனியாவில் பிறந்தவர், கண்டிப்பானவர், 1957 முதல் 1964 வரை நெதர்லாந்து அணியைப் பார்த்துக்கொண்டவர். மெய்னால்ஸ் அவரை வெளிப்படையாக விமர்சித்தார். அதன் பிறகு தேசிய அணிக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. தொடங்கிய அதே 1960-லேயே அந்தக் கணக்கு முடிந்துபோனது.

இதைப் பற்றி என் கருத்து: பயிற்சியாளரோடு முட்டிக்கொண்டு அணியை விட்டுப் போனவர்கள் டச்சுக் கால்பந்தில் ஒரு பட்டியலே இருக்கிறார்கள். அவர்களில் பலரைத் திரும்ப அழைத்தார்கள். மெய்னால்ஸுக்கு அந்த அழைப்பு வரவே இல்லை. 29 வயது, கையில் நல்ல ஆட்டம் இருந்தது. ஒரு வார்த்தைக்கு அது அதிகமான தண்டனை.

அதற்குப் பிறகு?

கிளப் ஆட்டம் தொடர்ந்தது. எலிங்க்வெய்க்கில் நீண்ட காலம். பிறகு அதே உட்ரெக்டின் இன்னொரு கிளப்பான டோஸிலும் ஆடினார். டோஸ் 1958-ல் லீக் சாம்பியனாக இருந்த கிளப். 1970-ல் டோஸ், எலிங்க்வெய்க், வேலக்ஸ் ஆகிய மூன்று கிளப்புகளின் தொழில்முறைப் பிரிவுகளும் ஒன்றாகி எஃப்சி உட்ரெக்ட் உருவானது. அதன் முன்னோர் வரிசையில் மெய்னால்ஸ் ஒருமுறைக்கு இருமுறை வருகிறார். எலிங்க்வெய்க் அமெச்சூர் கிளப்பாக இன்னும் இருக்கிறது.

அவருக்குப் பின் சுரிநாம் வம்சாவளி வீரர் ஒருவர் நெதர்லாந்து அணிக்கு எப்போது வந்தார்?

பெரிய பெயர்கள் வர 21 வருடம் ஆனது. 1981 செப்டம்பர் 1, சுவிட்சர்லாந்துக்கு எதிரான ஆட்டம். அன்று ஒரே நாளில் இரண்டு பையன்கள் அறிமுகம்: ரூட் குல்லிட், ஃபிராங்க் ரைகார்ட். குல்லிட்டுக்கு அன்று 19-வது பிறந்தநாள். ரைகார்டுக்கு அந்த வயதுகூட ஆகவில்லை.

இதில் ஒரு சுவையான விஷயம். இவர்கள் இருவரின் அப்பாக்களும் சுரிநாமிலிருந்து சேர்ந்து நெதர்லாந்து வந்தவர்கள், மெய்னால்ஸ் கூட்டம் வந்த அதே காலத்தில். ஃபிராங்கின் அப்பா ஹெர்மன் ரைகார்ட் தானே கால்பந்து ஆடியவர். ஆக எலிங்க்வெய்க்கின் ஐந்து பேரையும் குல்லிட், ரைகார்டையும் வெவ்வேறு அத்தியாயமாகப் பிரித்து எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே அலை. முதலில் அப்பாக்கள் கரையேறினார்கள், பிறகு பிள்ளைகள்.

1988-ல் நெதர்லாந்து ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது கேப்டன் குல்லிட். நடுத் தடுப்பில் நின்றவர் ரைகார்ட். 1995-ல் அயாக்ஸ் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது பரமாரிபோவில் பிறந்த சீடோர்ஃபும் டேவிட்ஸும் அணியில். வெற்றி கோலை அடித்த பேட்ரிக் க்ளைவர்ட்டின் அப்பா கென்னத் சுரிநாம் தேசிய அணிக்கு ஆடியவர், அதுவும் மெய்னால்ஸின் ராபின்ஹூட்டிலிருந்து. இன்றைய நெதர்லாந்து கேப்டன் வர்ஜில் வான் டைக்? தடுப்பாட்டக்காரர், அவர் அம்மா சுரிநாமியர்.

இத்தனை பேர் இருந்தும் சுரிநாம் அணி ஏன் உலகக் கோப்பை ஆடவில்லை?

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். பதில் மைதானத்தில் இல்லை, சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தங்கியவர்களுக்கு டச்சுக் குடியுரிமை. சுரிநாமோ இரட்டைக் குடியுரிமையை ஏற்கவில்லை. டச்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சுரிநாமியர் ஆகவேண்டுமென்றால் டச்சு பாஸ்போர்ட்டை விட்டுவிட வேண்டும். ஐரோப்பிய லீக்கில் பிழைக்கும் ஒருவர் ஐரோப்பிய பாஸ்போர்ட்டை எப்படி விடுவார்? அந்த லீக்குகளில் வெளிநாட்டினருக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. சம்பளமே அதைப் பொறுத்து மாறும். குல்லிட், டேவிட்ஸ் போன்றவர்கள் போகட்டும், அவர்களுக்கு ஆரஞ்சுச் சட்டை இருந்தது. அந்த அளவுக்கு எட்டாமல், ஆனால் நல்ல தொழில்முறை ஆட்டக்காரர்களாக இருந்த நூற்றுக்கணக்கானோர் நெதர்லாந்துக்கும் ஆட முடியவில்லை, சுரிநாமுக்கும் ஆட முடியவில்லை. இரண்டு வீடு இருந்தும் திண்ணையில் படுத்த கதை.

மிச்சமிருந்த உள்ளூர் ஆட்டக்காரர்கள் மோசமானவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டிரான்ஸ்வால் 1973-லும் 1981-லும் கான்ககாஃப் கிளப் கோப்பையை வென்றது. ராபின்ஹூட் ஐந்து முறை இறுதிவரை போய் ஐந்து முறையும் தோற்றது. தேசிய அணி 1978-ல் கரீபிய சாம்பியன். பிறகு ராணுவ ஆட்சி, உள்நாட்டுப் போர், பணவீக்கம். அந்த நிலை திரும்பவில்லை.

1989 விமான விபத்து இதோடு சம்பந்தப்பட்டதா?

ஆமாம். நெதர்லாந்தில் ஆடிய சுரிநாம் வம்சாவளி வீரர்களைச் சேர்த்து "வண்ணமயமான பதினொருவர்" என்ற பொருளில் ஒரு கண்காட்சி அணி இருந்தது. அதிகாரபூர்வ சுரிநாம் அணியில் இடமில்லாதவர்கள் சொந்த மண்ணில் ஆட இருந்த ஒரே வழி அதுபோன்ற பயணங்கள்தான். 1989 ஜூன் 7-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புறப்பட்ட சுரிநாம் ஏர்வேஸ் விமானம், பரமாரிபோவுக்கு அருகே ஸாண்டரெய் விமான நிலையத்தில் இறங்க முயன்றபோது மூடுபனியில் விழுந்தது. இருந்தவர்கள் 187 பேர்; இறந்தவர்கள் 176 பேர். விமானத்தில் இருந்த கால்பந்து வீரர்களில் பிழைத்தது சிகி லென்ஸ், எடு நந்தலால், ராஜின் டி ஹான் மூவர் மட்டுமே.

குல்லிட், ரைகார்ட் போன்ற முன்னணிப் பெயர்களுக்குக் கிளப் அனுமதி கிடைக்கவில்லை. அதனால் அந்த விமானத்தில் இல்லை. அயாக்ஸ் கோல்கீப்பர் ஸ்டான்லி மென்ஸோ முந்தைய விமானத்தில் போயிருந்தார். பின்னாளில் அதே மென்ஸோ சுரிநாம் தேசிய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

"விளையாட்டு பாஸ்போர்ட்" என்றால் என்ன?

மேலே சொன்ன முட்டுக்கட்டைக்கு 2019-ல் கண்டுபிடித்த வழி. சுரிநாம் வம்சாவளி விளையாட்டு வீரருக்கு அந்த நாடு ஒரு தனி பாஸ்போர்ட் கொடுக்கும். அதைக் காட்டி தேசிய அணிக்கு ஆடலாம். டச்சுக் குடியுரிமையை விட வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் எழுதி முடிக்கக்கூடிய ஏற்பாடு. இதற்கு 44 வருடம் ஆகியிருக்கிறது.

மெய்னால்ஸ் அதே 2019 ஜூலையில் உட்ரெக்டில் இறந்தார், 88 வயதில். இரண்டு நாட்டுக்கும் ஆடிய மனிதரின் கடைசி வருடமும், இரண்டு நாட்டு மனிதர்களை சுரிநாம் ஏற்றுக்கொண்ட முதல் வருடமும் ஒன்று.

முங்கோவில் இன்னும் கால்பந்து இருக்கிறதா? ஏதோ 60 வயதுக்காரர் ஆடினாராமே?

அதுவும் முங்கோதான்! இன்டர் முங்கோதாபூ கிளப்பின் உரிமையாளர் ரோனி ப்ரன்ஸ்வெய்க், முன்னாள் கெரில்லாத் தலைவர், அப்போது நாட்டின் துணை ஜனாதிபதி. 2021 செப்டம்பரில் ஹோண்டுராஸின் ஒலிம்பியா கிளப்போடு நடந்த கான்ககாஃப் லீக் ஆட்டத்தில் 61-ஆம் எண் சட்டையோடு தானே இறங்கினார். வயது 60. ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆடினார். அணி 0-6 என்று தோற்றது. முடிந்ததும் எதிரணியின் உடைமாற்றும் அறைக்குப் போய்ப் பணம் விநியோகித்த வீடியோ வெளியே வர, இரண்டு கிளப்புகளையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள்; அவருக்கு மூன்று வருடத் தடை. மெய்னால்ஸ் ஊர் என்று தேடினால் இணையத்தில் முதலில் வருவது இந்தச் செய்திதான். என்ன செய்வது.

விளையாட்டு பாஸ்போர்ட் வந்த பிறகு சுரிநாம் என்ன சாதித்தது?

2021-ல் முதன்முறையாக கான்ககாஃப் நாடுகளின் கோப்பையான கோல்டு கப்புக்கு வந்தது. அந்த அணியின் தடுப்பில் நின்ற ரயன் டாங்கைப் பாருங்கள். 1986-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். 2007-ல் நெதர்லாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியோடு ஐரோப்பியக் கோப்பை வென்றவர். ஏஇசட், கிளப் ப்ரூஹ, கலாடசராய் என்று ஆடி, துருக்கியில் இரண்டு முறை லீக் பட்டம் எடுத்தவர். முதல் கோல்டு கப் ஆடும்போது வயது 35. சட்டம் பத்து வருடம் முன்னால் மாறியிருந்தால் அவருடைய நல்ல வயது முழுவதும் சுரிநாமுக்குக் கிடைத்திருக்கும்.

முதல் ஆட்டத்தில் ஜமைக்காவிடம் 0-2 தோல்வி. கோஸ்டா ரிகாவோடு முதலில் கோல் அடித்து, பிறகு 1-2 தோல்வி. வெளியே போவது உறுதியான பிறகு ஹூஸ்டனில் குவாடலூப்போடு கடைசி ஆட்டம். 2-1 வெற்றி, கோல்டு கப் வரலாற்றில் சுரிநாமின் முதல் வெற்றி. 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அதையும் தாண்டி, பனாமாவுக்கு அடுத்த இடத்தைப் பிடித்துக் கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப் வரை போனார்கள்.

ஹூஸ்டனில் கோல் அடித்தவர்கள் இருவர். க்ளியோஃபிலோ ஃப்ளெய்டர், பரமாரிபோவில் பிறந்தவர். நைஜல் ஹாசல்பைங்க், ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். பரமாரிபோவில் பிறந்து நெதர்லாந்துக்கு ஆடிய ஜிம்மி ஃபிளாய்ட் ஹாசல்பைங்கின் உடன்பிறந்தவரின் மகன்.